பழைய வானுக்கு ரைமிங் பெல்ற் எப்போது மாற்றவேண்டும்?

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எங்கள் சனம் இருக்கும் தெருவொன்றில் நடந்து பாருங்கள். ஒரு ஹொண்டா ஒடிசியோ ரொயோட்டா சியென்னாவோ நிற்காத தெரு அரிது. பிள்ளை பிறந்தபோது வாங்கிய வான் அது. அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிப் போயிருக்கும், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு ஓடியிருக்கும், கலியாண மண்டபங்களுக்குச் சோற்றுத் தட்டுகளையும் பூமாலைகளையும் சுமந்திருக்கும். இப்போது அந்தப் பிள்ளையே அதில் கார் ஓடப் பழகுகிறது.

இப்படி உழைத்த வானைப் பற்றி, தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் கன பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ரைமிங் பெல்ற் மாத்தோணும் எண்டு கராஜில சொல்லுறாங்கள். ஆயிரம் டொலருக்குக் கிட்ட வருமாம். வான் நல்லாத்தானே ஓடுது, கட்டாயம் மாத்தத்தான் வேணுமோ?"

வான் நன்றாக ஓடுகிறது என்பது இங்கே ஒரு சாட்சியே அல்ல. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். ரயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பற்றறி தளர்ந்தால் குளிர்காலக் காலையில் எஞ்சின் முக்கி முனகித்தான் ஸ்ராட் ஆகும். ரைமிங் பெல்ற் மட்டும் அறுகிற நிமிடம்வரை வானை ஒழுங்காக ஓடவிடும். ஆகையால் ஓட்டத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. உங்கள் வானுக்கு என்ன எஞ்சின், அதிலுள்ள பெல்ற்றுக்கு எத்தனை வயது, அந்தப் பெல்ற் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று பார்த்துத்தான் சொல்லலாம். வயதைக் கிலோமீற்றருக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எஞ்சின். எல்லா வானுக்கும் ரைமிங் பெல்ற் கிடையாது. பலவற்றில் அந்த வேலையை இரும்புச் செயின் செய்கிறது. செயின் என்றால் இந்தக் கால எல்லைக் கணக்கே இல்லை, எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் அது தன் பாட்டில் ஓடும். ரொயோட்டா சியென்னாவில் 1998 முதல் 2006 வரை வந்த வான்களுக்குப் பெல்ற். 2007இல் 3.5 லீற்றர் எஞ்சின் வந்தபோது செயினுக்கு மாறிவிட்டார்கள். கியா செடோனாவில் 2002 முதல் 2005 வரை பெல்ற், 2006இல் வந்த புதிய வடிவத்திலிருந்து செயின். ஒன்ராறியோவின் வின்சர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த டொட்ஜ் கிராண்ட் கரவான்களில் எங்கும் கண்ட 3.3, 3.8 லீற்றர் எஞ்சின்களுக்கும் 2011இல் வந்த 3.6 லீற்றருக்கும் செயின்தான். நடுவில் 2008 முதல் 2010 வரை சிலவற்றில் போட்ட 4.0 லீற்றர் எஞ்சினுக்குப் பெல்ற், அதை வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

ஹொண்டா ஒடிசியின் கதை வேறு. வட அமெரிக்காவில் விற்ற ஒடிசிகளில் 1999ஆம் ஆண்டு மொடலிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சின். ரொறன்ரோவுக்கு வடக்கே அலிஸ்ரனில் செய்த முதல் வான்கள் தொடங்கி, பிறகு அலபாமாவில் செய்தவை வரை அந்த எஞ்சின் குடும்பம் பெல்ற்றை விடவேயில்லை. ஆகவே உங்கள் வாசலில் நிற்பது ஒடிசி என்றால் எந்த வருடம் என்று யோசிக்கத் தேவையில்லை, பெல்ற் இருக்கிறது. இனிச் சொல்வதில் பெரும்பகுதி ஒடிசியை வைத்தே சொல்கிறேன். எங்களிடம் அதிகம் இருப்பது அதுதான், பெல்ற் அறுந்தால் அதன் எஞ்சினும் பெரிதாகக் கெடும்.

எஞ்சினுக்குள்ளே கீழே கிராங் தண்டு. பிஸ்ரன்கள் மேலும் கீழும் போய்வந்து அதைச் சுழற்றுகின்றன. மேலே காம் தண்டுகள், ஒடிசியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அவை சுழலும்போது வால்வுகள் திறந்து மூடுகின்றன. காற்றும் பெற்றோலும் உள்ளே வரச் சில வால்வுகள், புகை வெளியே போக வேறு சில. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றவேண்டும், ஒரு பல்லுக்கூடப் பிந்தக்கூடாது. இந்த இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது உட்பக்கம் பல்லு வெட்டிய ஒரு றப்பர் பட்டி. அதுதான் ரைமிங் பெல்ற்.

ஊரில் இரண்டு பேர் ஒரே உரலில் மாறி மாறி மா இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரின் உலக்கை எழும்பும்போது மற்றவரின் உலக்கை இறங்கும். உரல் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான், நேரம் மட்டும் வேறு வேறு. ஒடிசி எஞ்சினில் பிஸ்ரனும் வால்வும் அப்படித்தான் ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றன. வால்வு கீழே இறங்கித் திறந்திருக்கும்போது பிஸ்ரன் கீழே போயிருக்கும். பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது வால்வு மேலேறி மூடியிருக்கும். பெல்ற் அறுந்தால் காம் தண்டு நின்றுவிடும், அந்நேரம் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஆனால் வான் உருண்டுகொண்டிருக்கிறது, கிராங் உடனே நிற்காது. பிஸ்ரன் வந்து வால்வில் மோதும், வால்வு வளையும். ஒரு எஞ்சினுக்கு 24 வால்வு. எத்தனை வளைந்தன என்பது சிலிண்டர் தலையைக் கழற்றிய பிறகுதான் தெரியும். பெல்ற் அறுந்தாலும் பிஸ்ரனும் வால்வும் தொட்டுக்கொள்ளாதபடி இடைவெளி விட்டுச் செய்த எஞ்சின்களும் உண்டு. அவற்றில் புதுப் பெல்ற் போட்டால் வான் மறுபடி ஓடும். ஒடிசி அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்றுச் சுற்றுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனில் 16, 17 தடவை திறந்து மூடுகிறது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் வால்வின் இரும்புச் சுருள் எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு காம் தண்டு வழியாகப் பெல்ற்றின் பல்லுக்கு வந்து சேரும். இத்தனையையும் தாங்குவதற்காகத்தான் றப்பருக்குள்ளே நெடுகக் கண்ணாடி நாரால் முறுக்கிய கயிறுகளை ஓடவிட்டு, பல்லுப் பக்கத்தில் நைலோன் துணி ஒட்டியிருக்கிறார்கள். தேய்கிற சாமானாக இருந்தும் இதை எஞ்சினுக்குள் வைத்ததற்கு நியாயம் இருக்கிறது. செயினைவிடச் சத்தம் குறைவு, பாரம் குறைவு, ஒயிலில் ஊறத் தேவையில்லை, செய்வதற்கும் மலிவு. ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு சிறு காரில் இதைப் போட்டு விற்றது. 1966இல் அமெரிக்காவின் பொன்ரியாக் தன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் போட்டது. ஒழுங்காகச் செய்த பெல்ற் நல்ல சாமான். ஆனால் அதற்கென்று ஒரு ஆயுள் குறித்திருக்கிறார்கள், அதை மதிக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆயுள் எவ்வளவு? 1999 முதல் 2004 வரையான ஒடிசியின் கையேட்டில் 105,000 மைல் அல்லது 7 வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அது என்று இருக்கிறது. மைலைக் கிலோமீற்றராக்கினால் ஏறக்குறைய 168,000. சியென்னாவுக்கு 90,000 மைல், ஏறக்குறைய 144,000 கிலோமீற்றர். பழைய செடோனாவுக்கு வெறும் 60,000 மைல், 96,000 கிலோமீற்றரைச் சுற்றி. செடோனாவின் எல்லை இவ்வளவு கிட்டத்தில் இருப்பது தெரியாமல், ஒடிசிக்காரரிடம் கேட்டு அந்தக் கணக்கிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டு வானின் எல்லை உங்கள் வானுக்குப் பொருந்தாது.

ஒடிசியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அடிக்கடி 43 பாகை செல்சியசுக்கு மேலான வெக்கையிலோ, மைனஸ் 29 பாகைக்குக் கீழான குளிரிலோ ஓடினால் 100,000 கிலோமீற்றரிலேயே மாற்றச் சொல்கிறது ஹொண்டா. ரொறன்ரோவில் எத்தனை குளிரடித்தாலும் மைனஸ் 29 அடிக்கடி வருவதில்லை. ஆகவே இங்கே 168,000 என்ற கணக்கே போதும். வினிபெக்கிலும் எட்மன்ரனிலும் இருக்கும் எங்கள் ஆக்களுக்கு அது போதாது, அவர்கள் 100,000ஐ வைத்துக்கொள்வதுதான் சரி. அங்கே ஓடிய வானை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள் என்றால், அது எந்த ஊர்க் குளிரில் வளர்ந்தது என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி வயது. ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் 2012ஆம் ஆண்டு ஒடிசி ஒன்று நிற்கும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் போய்வரும். மீற்றரில் 95,000 கிலோமீற்றர். "ஓடவேயில்லை, புது வான் மாதிரி" என்று பெருமையாகச் சொல்வார்கள். மேல்பூச்சையும் இருக்கைகளையும் பார்த்தால் அது உண்மைதான். பெல்ற்றுக்கு அது பொருந்தாது. றப்பர் வெறுமனே நின்றாலும் வயது போகும். எஞ்சின் சூட்டில் காய்ந்து, இரவில் உறைந்து, மறுநாள் மறுபடி காய்ந்து வருடாவருடம் இறுகும். கிட்டக் கிட்டப் போய்வரும் வானில் இந்தச் சூடும் குளிரும் மாறி மாறி வருவது, நெடுந்தூரம் ஓடும் வானைவிட அதிகம். அதோடு, பனிக்காலத்தில் வான் சூடாகட்டும் என்று வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு நிற்போமே, அந்த நேரம் முழுக்கப் பெல்ற் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மீற்றரில் அது ஏறாது. மீற்றரின் இலக்கம் பெல்ற்றின் உழைப்பை எப்போதும் குறைத்துத்தான் சொல்லும், அதனால்தான் நான் வயதை முதலில் கேட்பது. தொழிற்சாலையில் போட்ட பெல்ற்றோடு இப்போதும் ஓடும் 2012ஆம் ஆண்டு வானுக்கு, அந்த ஏழு வருடக் கணக்கை வைத்தால், தவணை 2019இலேயே முடிந்துவிட்டது.

ஏழு வருடம் முடிந்த மறுநாள் அறுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பத்து வருடம் கடந்தும் ஓடும் பெல்ற்றுகள் இருக்கின்றன. ஆனால் எது ஓடும், எது அறும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி எவரிடமும் இல்லை. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு மாதமும் ஒரு முழு எஞ்சினைப் பணயம் வைத்து ஓடுகிறோம்.

"எங்கட வான் தானாச் சொல்லும்" என்று இன்னொரு சாரார் நம்பியிருப்பார்கள். 2005க்குப் பிறகு வந்த ஒடிசிகளில் ஒயில் மாற்றும் நேரத்தைக் காட்டும் கணினி ஒன்று உண்டு. A, B என்ற எழுத்துகளோடு ஒரு இலக்கமும் வரும். 4 என்ற இலக்கம் வந்தால் ஸ்பார்க் பிளக், ரைமிங் பெல்ற், வோட்டர் பம்ப் எல்லாவற்றையும் கவனி என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 4 வந்திருக்கும் நாளில் அவசர ஒயில் மாற்றத்துக்கு எங்கேயாவது நிறுத்தினால், அங்கே நிற்கும் பெடியன் ஒயிலை மாற்றிவிட்டு வழமைபோலக் கணினியைத் திருப்பி 100 வீதத்தில் வைத்துவிடுவான். 4 மறைந்துவிடும். பெல்ற் மாறவில்லை, கணினியோ மாறியதாக எண்ணிப் புதிதாகக் கணக்கைத் தொடங்கும். அந்தச் சிறு திரையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது கேட்டால் செய்யுங்கள், கேட்காவிட்டாலும் உங்கள் கணக்கை நீங்கள் வைத்திருங்கள்.

பாவித்த வான் வாங்கியவர்களுக்குத்தான் இது பெரிய தலையிடி. முந்திய சொந்தக்காரர் மாற்றினாரா இல்லையா? ஒன்ராறியோவில் வானைப் பெயர் மாற்றி இலக்கத்தகடு எடுக்கத் தேவைப்படும் சேஃப்ரி சான்றிதழ் இதற்கு உதவாது. அது பிரேக், ஸ்ரியரிங், ரயர், விளக்கு, அடிப்பக்கத் துரு போன்றவற்றைப் பார்ப்பது. சேஃப்ரி பாஸ் என்றால் பெல்ற்றும் சரி என்று நினைப்பது தவறு. விற்பவர் தரவேண்டிய அரசாங்கத் தகவல் பொதியிலும் பெல்ற்றைப் பற்றி ஒன்றும் இருக்காது. வானின் பழைய வரலாற்றைச் சொல்லும் காஃபாக்ஸ் அறிக்கையில் சில வேளை இருக்கும், அதுவும் செய்த கராஜ் தெரிவித்திருந்தால் மட்டும்.

அண்மையில் எங்கள் சொந்தக்காரத் தம்பி ஒருவர் 2008ஆம் ஆண்டு ஒடிசி ஒன்றை வாங்கிவிட்டு, சந்தோசமாக ரசீது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, பெல்ற் மாத்தியாச்சு. இஞ்ச பாருங்கோ, பில் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். பெல்ற் என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் கூலி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு, முழுத் தொகையே இருநூறு டொலருக்குள்.

"தம்பி, இது வெளியால ஓடுற பெல்ற். ஓல்ரனேற்றரையும் ஏசியையும் சுத்துறது. பொனெற்றைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால தெரியும். நான் சொல்லுறது உள்ளுக்க மூடியிருக்கிறது."

"அப்ப இதில எப்பிடி அண்ணை கண்டுபிடிக்கிறது?"

"கூலன்ற் எண்டு எங்கயாவது எழுதியிருக்கோ பாரும். பெல்ற்றோட வோட்டர் பம்பும் மாத்துறது வழமை, கூலன்ற் வடிச்சுப் புதுசு விடாமல் அது ஏலாது. பெல்ற்றை இழுத்துப் பிடிக்கிற ரென்சனர் இருக்கோ? கூலி நாலு அஞ்சு மணித்தியாலம் இருக்கோ? ஒண்டும் இல்லையே."

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டார். விற்றவர் வேண்டுமென்று ஏமாற்றியிருக்கத் தேவையில்லை. அவருக்கும் பெல்ற் என்றால் ஒன்றுதான் தெரிந்திருக்கும். ரசீதை வாசிக்கும்போது பெல்ற் என்ற சொல்லைத் தேடாமல் கூலி மணித்தியாலம், வோட்டர் பம்ப், ரென்சனர், கூலன்ற் என்ற கூட்டத்தைத் தேடுங்கள். அக்கறையாக வேலை செய்கிறவர்கள் பெல்ற் மூடியிலோ பொனெற்றின் உட்பக்கத்திலோ திகதியும் கிலோமீற்றரும் எழுதி ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவார்கள், அதையும் தேடுங்கள். முகவர் நிலையத்தில் வானின் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் அவர்கள் செய்த வேலைகளின் பதிவு கிடைக்கக்கூடும். இவ்வளவு தேடியும் அத்தாட்சி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "மாத்தினதாத்தான் சொன்னவை" என்பது அத்தாட்சி ஆகாது. வாங்குவதற்கு முன்னர் இதைத் தேடினால், பெல்ற் செலவை விலையில் குறைத்துக் கேட்கவும் வாய்ப்புண்டு.

மூடியைத் திறந்து பெல்ற்றைக் கண்ணால் பார்க்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஒடிசியில் முன்பக்க மேல்மூடியைச் சில 10 மில்லிமீற்றர் போல்ற் கழற்றி எடுத்தால் பெல்ற்றின் ஒரு துண்டு தெரியும். வெடிப்பு, பிய்ந்த ஓரம், ஒயில் ஈரம் கண்டால் உடனே மாற்றவேண்டும், அதில் சந்தேகமில்லை. ஒன்றும் காணாவிட்டாலோ? அதிலிருந்து எந்த ஆறுதலும் எடுக்கமுடியாது. இந்தக் கால றப்பர் லேசில் வெடிப்புக் காட்டாது. களைப்பது உள்ளேயிருக்கும் கயிறு, அது வெளியே தெரியாது. பார்க்கும் சோதனை கெட்டதைக் காட்டிக்கொடுக்குமே தவிர, நல்லதென்று உறுதி தராது.

சில அறிகுறிகள் பெல்ற்றைச் சுற்றியுள்ள சாமான்களிலிருந்து வரும். குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் காலையில் ஸ்ராட் பண்ணியதும் வலப்பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு செக்கன் கடகடவென்று சத்தம் கேட்டு நின்றுவிடும். ஒடிசிக்காரர் பலருக்கு இது பழகிய சத்தம். பெல்ற்றை இழுத்துப் பிடித்திருக்கும் ரென்சனர் ஒயில் அழுத்தத்தால் வேலை செய்வது. அதன் ஒயில் கசிந்தால் பிடி தளர்ந்து பெல்ற் அடிபடும். அந்தச் சத்தம் கேட்டால் எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்துக்கொண்டிராமல் வானைக் கொண்டுபோங்கள். தளர்ந்த பெல்ற் அறாமலே ஒரு பல்லுத் தாவிவிடக்கூடும். மூடியின் கீழ்விளிம்பில் ஒயிலோ கூலன்றோ கசிந்து காய்ந்த தடம் இருந்தாலும் உடனே கொண்டுபோங்கள்.

மாற்றும்போது பெல்ற்றை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணத்தை விளங்க வேலையை ஒருமுறை கிட்ட நின்று பார்க்கவேண்டும். வலப்பக்க முன் சில்லைக் கழற்றி, அதற்குள் இருக்கும் பிளாஸ்ரிக் மறைப்பை எடுத்தால் கிராங் கப்பி தெரியும். அதன் நடுவே 19 மில்லிமீற்றர் தலை கொண்ட ஒரே ஒரு போல்ற். பழைய ஒடிசிகளில் அது 245 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கியிருப்பது. வருடக்கணக்கான சூட்டில் இன்னும் இறுகி, நல்ல காற்றுத் துவக்குக்கும் மசியாமல் நிற்கும். கப்பியை அசையாமல் பிடிக்கவென்றே தனி ஆயுதம் ஒன்று செய்திருக்கிறார்கள், நீண்ட குழாயை மாட்டி முழுப் பலத்தோடு திருப்பினால்தான் போல்ற் விடும். பிறகு எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கால் தாங்கி, பக்கத்து எஞ்சின் மவுண்டைக் கழற்றவேண்டும். மூடிகள் மூன்றும் வந்த பிறகுதான் பெல்ற் முழுதாகத் தெரியும். வோட்டர் பம்பையும் சுழற்றுவது அதே பெல்ற்தான். பம்ப், ரென்சனர், பெல்ற் உருளும் சிறு கப்பிகள் எல்லாம் அந்நேரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சாமான் விலையை மட்டும் கொடுத்தால் போதும், கூலி முன்னமே கொடுத்தாயிற்று. இப்போது விட்டுவிட்டு இரண்டு வருடத்தில் பம்ப் கசிந்தால் அந்த 19 மில்லிமீற்றர் போல்ற்றிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும், கூலி முழுவதும் மறுபடி. கப்பியின் பெயரிங் இறுகிப் பிடித்தால் புதுப் பெல்ற்றும் அதோடு போகும்.

ஆகவே முழு செற்றாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஹொண்டாவின் சொந்தச் சாமான் இல்லாவிட்டால், பெல்ற், பம்ப், ரென்சனர், கப்பிகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஐசின் செற்றை நம்பிப் போடலாம். இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத செற்றுகளை இந்த ஒரு வேலைக்கு வாங்கவேண்டாம். காம், கிராங் ஒயில் சீல்கள் கசிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், கசிந்தால் அவற்றையும் மாற்றுங்கள். வெளியே ஓடும் பெல்ற் பழையதென்றால் அதுவும் அதே நேரம்.

செய்பவர் அனுபவசாலியா என்று அறிய ஒரு கேள்வி போதும். "போட்ட பிறகு என்ன செய்து சரிபார்ப்பீர்கள்?" கிராங்கிலும் இரண்டு காம்களிலும் இருக்கும் குறிகளை நேராக வைத்துப் பெல்ற்றை மாட்டி, ரென்சனரின் ஊசியை இழுத்துவிட்ட பிறகு, எஞ்சினைக் கையால் ஐந்தாறு சுற்று மெதுவாகச் சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். கையால் சுற்றும்போது எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்தலாம், சேதமில்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தால் அந்த வாய்ப்பு இல்லை. இந்த விடையைத் தயங்காமல் சொல்கிறவரிடம் வானைக் கொடுக்கலாம்.

இவ்வளவு காசைப் பழைய வானில் போடலாமா என்பது தனிக் கேள்வி. தனியார் கராஜ்களில் ஆயிரம் டொலரைச் சுற்றியும் முகவர் நிலையத்தில் அதைத் தாண்டியும் போகும். பெல்ற்றைப் பேசுவதற்கு முன்னர் வானை உயர்த்தி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இங்கத்தைய வீதி உப்பு, எஞ்சினுக்கு முந்திச் சட்டகத்தையும் பிரேக் குழாய்களையும் தின்றுவிடுவது வழமை. 1999 முதல் 2004 வரையான ஒடிசி என்றால் கியர்பொக்ஸையும் சோதியுங்கள், அந்தக் காலத்து ஒடிசிகளுக்குக் கியர்பொக்ஸ் பலவீனம் எல்லோரும் அறிந்தது, 2004இல் ஹொண்டாவே பல வாகனங்களைத் திருப்பி அழைத்தது. துருவும் கியரும் இரண்டும் மோசம் என்றால் பெல்ற்றை மாற்றாதீர்கள். அந்தக் காசை அடுத்த வானுக்கு வைத்துக்கொண்டு, இதைப் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடி முடியுங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்கு இந்த வானில் போகவேண்டாம். துரு குறைவாகவும் கியர் நன்றாகவும் இருந்து இன்னும் மூன்று நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், தாமதிக்காமல் மாற்றுங்கள். ஆயிரம் டொலருக்கு நாலு வருடத்துக்கு நம்பிக்கையான வான் வேறெங்கும் கிடையாது.

ஓடும்போதே அறுந்துவிட்டால் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். ஸ்ரியரிங் பாரமாகும், பிரேக்கும் இரண்டொரு மிதிக்குப் பிறகு இறுகும். பலமாகப் பிடித்து ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். பிறகு சாவியைத் திருப்பவே வேண்டாம். பழக்கத்தில் கை போகும், அடக்குங்கள். திருப்பும்போது எஞ்சின் வழமையைவிட லேசாக, வேகமாகச் சுற்றும், ஸ்ராட் ஆகாது. அப்படிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் தப்பியிருந்த வால்வும் அடிபடலாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மாற்றி எடுத்து வரும்போது பழைய பெல்ற்றையும் பம்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பம்பின் தண்டைக் கையால் சுற்றினால் கரகரக்கிறதா, பெல்ற்றைப் பின்புறமாக வளைத்தால் பல்லின் அடியில் கீறல் விழுகிறதா என்று பார்த்தால் எந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தீர்கள் என்பது விளங்கும். ரசீதில் திகதியும் மீற்றர் இலக்கமும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசியுங்கள், அடுத்த தவணை அந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பொனெற்றைத் திறந்து கூலன்ற் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும்போது மட்டம் கொஞ்சம் இறங்குவது வழமை. அப்போது ஹொண்டாவின் நீலக் கூலன்றை மேல்கோடுவரை விட்டால் போதும். விட விட இறங்கிக்கொண்டே இருந்தால் வானைச் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.